சூடம் அணைக்காத அன்டெனா

2008ஆம் ஆண்டு நவம்பர் பதினான்காம் திகதி வெள்ளிக்கிழமை, ஒத்தக்கல் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர் விடுதியின் தகரக் கூரையில் பூட்டிய அன்டெனா, எதிர்மலை டவரைப் பார்க்கமாட்டேன் என்று, காளியாயி என்ற தேயிலைக் கொழுந்துக்காரியைப் பார்க்கத் தொடங்கியது. அவள் ஆறாம் நம்பர் மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தால் அதுவும் ஆறாம் நம்பர் மலைக்குத் திரும்பும். கொழுந்து நிறுக்க இறங்கினால் நிறுவைப் பக்கம் திரும்பும். பொழுதுபட்டு அவள் லயத்துக்குப் போனால், பள்ளத்தில் இருக்கிற அந்தத் தொழிலாளர் குடியிருப்பைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். அன்று மழையில்லை, காற்றுமில்லை. கொழுந்து மத்திமம். ஆளுக்குப் பதினாறு கிலோ கேட்டார்கள், காளியாயி பதினேழு எடுத்திருந்தாள். இதெல்லாம் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருக்கிறது. அன்டெனா திரும்பியதை மட்டும் எவரும் எதிலும் பதியவில்லை, அதனால் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது.

அந்த அன்டெனாவை வாங்கியவர் முத்துலிங்கம் மாஸ்டர். அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் மேட்டில் நடந்தால் வருகிற ஒத்தக்கல் பாடசாலையின் உப அதிபர். வயது நாற்பத்திரண்டு. சேறு தெறிக்காமல் தோட்டத்துப் பாதையில் நடக்கத் தெரிந்த ஒரே மனிதர் என்று பெயர். மனைவி யோகராணி டீச்சர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரி. தலவாக்கலையில் விஞ்ஞானம் படிப்பித்தார், விடியற்காலை பஸ்ஸுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். பிள்ளைகள் இல்லை. யோகராணியின் தாய் பத்து வருடத்துக்கு முன்பு மகனோடு கனடாவுக்குப் போனவர். அந்த மனுசிக்குக் கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, தை பிறக்குமுன் முழு இருட்டாகிவிடும் என்று அங்கத்தைய டொக்டர் சொல்லிவிட்டார். “இருட்டுறதுக்குள்ள என்ர பிள்ளையின்ர முகத்தை ஒருக்கா பாத்திடவேணும்” என்று அவர் போனில் அழுதார். மகன் ஆள் ஒருவரிடம் மடிக்கணினி கொடுத்து அனுப்பினான். முத்துலிங்கம் இன்டர்நெட்டுக்கு ஒரு டொங்கிள் வாங்கினார். அதைச் சொருகினால் விடுதிக்குள் ஒரு கோடு சிக்னல் காட்டும், யாராவது தும்மினால் அதுவும் போகும். முகம் பார்த்துக் கதைக்கத் தலவாக்கலையில் கொமினிகேஷன் கடை இருந்ததுதான். ஆனால் பின்னால் நாலு பேர் முறைக்காகக் காத்து நிற்க, பெற்ற தாயோடு அழ யோகராணிக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை இருவரும் கணினியைத் தூக்கிக்கொண்டு மலை உச்சிக்கு ஏறினார்கள். அங்கே சிக்னல் நன்றாக இருந்தது, மழையும் நன்றாக இருந்தது. நனைந்து திரும்பினார்கள்.

கூரையில் அன்டெனா வைத்தால்தான் சரி என்று ஆயிற்று. முத்துலிங்கம் முதலில் பழைய டீவி அன்டெனாவைக் கட்டிப் பார்த்தார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று இடியப்பச் சட்டியின் மூடியைக் கட்டிப் பார்த்தார். படித்த மனிதர் செய்கிற வேலையா? அவசரத்துக்குப் படிப்பு எங்கே உதவுகிறது. கடைசியில் டொங்கிளைக் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போய், சிவசாமியின் கடையில் ஏறினார். சிவசாமி முதலில் டொங்கிளைத் திருப்பிப் பார்த்து, அன்டெனா சொருகுகிற ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. பிறகு மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தான். “டீவி அன்டெனா இதுக்கு ஆகாதுங்க சார், அது வேற அலை. இந்தக் குச்சி இருக்கே, இது நாலா பக்கமும் பாக்கும். ஆனா எதையும் கூர்ந்து பாக்காது. சமவெளிக்கு இது போதும், நம்ம மலைக்குக் காணாது. இந்தச் சட்டி நல்லா இழுக்கும், ஆனா ஆடிக் காத்துல கூரையோட கௌம்பிப் போயிரும். இந்தா, இது மீன்முள்ளு. ஒரே பக்கந்தான் பாக்கும், பாத்தா விடாது. கேபிள மட்டும் பத்தடிக்கு மேல இழுக்காதீங்க. நீளம் கூடுனா வர்ற சிக்னல கேபிளே குடிச்சிரும்.” முத்துலிங்கம் மீன்முள்ளைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிவசாமி மேசையைத் துடைத்தபடி, முகத்தைப் பார்க்காமல், இன்னொன்றும் சொன்னான். “எந்தப் பக்கம் பாக்கணும்னு நீங்க முடிவு பண்ணிட்டு மாட்டணுங்க சார். அங்கயும் இங்கயும் பாக்குற ஆளுக்கு இது சரிவராது.” முத்துலிங்கத்தின் காது சிவந்துபோயிற்று. சிவசாமியும் ஒத்தக்கல் லயத்தில் பிறந்தவன்தான். அவனும் அன்றைக்குச் சூடம் அணைத்தவன்.

என்ன சூடம் என்று கேட்பீர்கள். அதற்குப் பதினான்கு வருடம் பின்னால் போகவேண்டும். முத்துலிங்கம் ஒத்தக்கல் மூன்றாம் லயத்தில், ஏழாம் காம்பராவில், பழனியாண்டிக்கும் காளியாயிக்கும் பிறந்தவர். ஒன்பது வயதில் தகப்பன் காய்ச்சலில் போய்விட, காளியாயிதான் கொழுந்து பறித்துப் படிக்க வைத்தாள். அவர் ஆசிரியரானார், மேட்டில் விடுதி கிடைத்தது. அங்கே ஏறிய முதல் மாதமே பேச்சை மாற்றிக்கொண்டார். ஆமாங்க என்ற வாய் யாழ்ப்பாணத்தார் மாதிரி ஓமோம் என்றது. யோகராணியைத் தலவாக்கலையில் ஒரு பயிற்சி வகுப்பில் கண்டு, மனதைப் பறிகொடுத்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய தாய் கடிதத்தில் கேட்டது ஒரே கேள்வி: பெடியன்ர ஆக்கள் ஆர்? முத்துலிங்கம் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தலவாக்கலையில் கடை வைத்திருந்தவர்கள், எண்பத்து மூன்று கலவரத்தில் கடையோடு சேர்த்து அப்பாவையும் அம்மாவையும் கொளுத்திவிட்டார்கள் என்று சொன்னார். உண்மையிலேயே அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் இருக்க, அவர்களுடைய நெருப்பைக் கடன் வாங்கி இந்த மனிதர் தன் வெட்கத்தை எரித்தார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது என்பதுதான் கேவலம்.

கலியாணத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, யோகராணி தோழி ஒருத்தியோடு விடுதியைப் பார்க்க வந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் காளியாயி தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு, வாசலில் வந்து நின்றாள். யோகராணி “ஆர் இந்த மனுசி?” என்று கேட்டார். கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. முத்துலிங்கம், “வேலைக்கு வாற ஆள்” என்றார். காளியாயி அதைக் கேட்டாள். பொதியை மெல்லத் திண்டில் வைத்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. “வேற ஏதாச்சும் வேலை இருக்குங்களா சார்?” என்று கேட்டாள். பெற்ற பிள்ளையை அவள் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒன்றுமில்லை என்று இவர் தலையாட்டினார். அவள் போய்விட்டாள். ரொட்டி நன்றாக இருக்கிறது என்று யோகராணி இரண்டு சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காளியாயி மூன்று லயத்துச் சனத்தையும் முனியாண்டி கோயிலடிக்கு அழைத்தாள். தோட்டத்தில் களவு போனாலும், புருசன் பெண்டாட்டி சண்டையென்றாலும், கடைசியில் தீர்வது அந்த இடத்தில்தான். தரையில் சூடத்தைக் கொளுத்தி, சத்தியம் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பேச்சு இல்லை. மீறினவனுக்கு நாக்கு இல்லை. “எம்புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கப்போவுது” என்றாள் காளியாயி. “நான் குறுக்க நிக்கமாட்டேன். அவன் என் வயித்துல பொறந்தவன்னு இனி இந்தத் தோட்டத்துல யாரும் வாய் தொறக்கக்கூடாது. நானும் தொறக்கமாட்டேன். இனிமே எனக்கும் அவரு சாருதான்.” கூட நிரை பிடிக்கிற வேலாயி, “ஒனக்கென்னடி, புத்தி கெட்டுப்போச்சா? பெத்தவ செய்ற சத்தியமா இது?” என்று கத்தினாள். காளியாயி கேட்கவில்லை. முதல் சூடத்தை அவளே அணைத்தாள். பிறகு நாற்பத்திரண்டு வீட்டாரும் ஒவ்வொருவராக அணைத்தார்கள். வேலாயி அழுதுகொண்டே அணைத்தாள். கடையில் சூடம் தீர்ந்துபோய், கடைசி மூன்று வீட்டார் ஒரே கட்டியில் சமாளித்தார்கள் என்று சொல்வார்கள்.

அதற்குப் பிறகு பதினான்கு வருடம் காளியாயி விடுதிக்கு விறகும் தண்ணீரும் கொண்டுவந்தாள், பின்பக்கமாக. யோகராணி நல்ல மனுசி, பழைய சேலை கொடுப்பார், காய்ச்சலென்றால் குளிசை கொடுப்பார், ஒரு நாளும் ஏசியதில்லை. ஆனால் அவர் ஊர் வழக்கம் ஒன்று இருந்தது. தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு விரதம் பிடித்துப் படைக்கவேண்டும். ஆகவே ஆண்டுதோறும் அந்த நாளில் முத்துலிங்கத்தை முழுகவைத்து, பட்டினி இருத்தி, முகம் தெரியாத மாமிக்கு யோகராணி விளக்கேற்றினார். ஏழு கறி, பாயாசம், வடை. தேங்காய் திருவியது காளியாயி. மா இடித்தது காளியாயி. படையல் முடிந்து, முத்துலிங்கம் சாப்பிட்டு எழும்பிய பிறகு, குசினி மூலையில் இலை போட்டு அவளுக்கும் ஒரு பங்கு வைப்பார்கள். தனக்குப் படைத்த சோற்றை அவள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, “எல்லாம் நல்லாருக்குங்க டீச்சர்” என்பாள். பதினான்கு தடவை இப்படி நடந்தது. முத்துலிங்கம் ஒவ்வொரு தடவையும் முன்னறையில் பத்திரிகையை விரித்து முகத்தை அதற்குள் வைத்திருந்தார். ஒரு வருடம் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

இப்போது அன்டெனாவுக்கு வருவோம். சிவசாமி தானே வந்து, இரண்டங்குலக் குழாய் நட்டு, திசைமானி வைத்துப் பார்த்து, எதிர்மலை டவருக்கு நேராக மீன்முள்ளை முடுக்கிவிட்டுப் போனான். சிக்னல் ஒரு கோடு. அவன் பஸ் ஏறியிருப்பான், அதற்குள் அது கிறீச்சென்று திரும்பி ஆறாம் நம்பர் மலையைப் பார்த்தது. சிக்னல் ஐந்து கோடு. காற்றாயிருக்கும் என்று முத்துலிங்கம் கூரையேறித் திருப்பிவிட்டார். அது மறுபடி திரும்பியது. கம்பியால் கட்டினார். செங்கல்லைத் தொங்கவிட்டார். குழாயின் அடியில் சீமெந்து குழைத்து ஊற்றினார். சீமெந்து காய்ந்தது, அன்டெனா திரும்பியது. திங்கட்கிழமை காலை, வரிசையாகக் கொழுந்தெடுக்கிற இருபத்தாறு பெண்களில் அது பார்ப்பது யாரை என்று அவருக்கு விளங்கிப்போயிற்று. கூரையிலேயே குந்திவிட்டார். ஊர் முழுக்கப் பார்க்கிற உயரத்தில், மூன்று முழ நீளத்தில், ஒரு விரல் தன் தாயைச் சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்கிறதே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இறங்கி வந்து பாடசாலைக்குப் போகாமல் தலைவலி என்று படுத்துக்கொண்டார்.

தோட்டத்தில் எல்லாரும் கண்டார்கள். ஆனால் யார் வாய் திறப்பது? சத்தியம் இருக்கிறதே. ஆண்கள் அன்டெனாவைப் பார்ப்பார்கள், காளியாயியைப் பார்ப்பார்கள், தொண்டையைச் செருமிக்கொண்டு போவார்கள். கங்காணி மட்டும், பனிமூட்டம் இறங்கிய நாளில் காளியாயி எந்த நிரையில் நிற்கிறாள் என்று அறிய விடுதிக் கூரையைப் பார்க்கப் பழகிக்கொண்டார். காளியாயிக்கோ உயிரே போயிற்று. சுற்றுப்பாதையால் போய்ப் பார்த்தாள். பெரிய பாறைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தாள். அது பாறையையே பார்த்துக்கொண்டு நின்றது. விறகு கொண்டுவந்து குசினிக்குள் நுழைந்தால், குழாயை வளைத்துக்கொண்டு கூரைத் தகரத்தில் மூக்கு முட்டக் குனிந்தது. மூன்று நாள் வேலைக்கே போகாமல் காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அது மூன்று நாளும் லயத்தைப் பார்த்து அசையாமல் நின்றது, அதனால் ஊருக்கு இன்னும் தெளிவாயிற்று. நாலாம் நாள் அவள் விறகுக் கட்டை இறக்கிவைத்துவிட்டு, முத்துலிங்கம் தனியாக இருந்த நேரத்தில், கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள். “நான் ஒண்ணும் பண்ணலைங்க சார். அது தன்னால திரும்புதுங்க. மன்னிச்சிருங்க.” முத்துலிங்கம் அந்த மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது, ஆனால் சாகவில்லை. சரி போ என்றார்.

யோகராணி விஞ்ஞான டீச்சர். அவருக்குச் சூடமும் தெரியாது, சத்தியமும் தெரியாது. அவர் ஒரு அப்பியாசக் கொப்பியில் நேரம், திசை, எத்தனை கோடு என்று மூன்று நிரல் போட்டு, இரண்டு சனி ஞாயிறு குறித்துப் பார்த்துவிட்டு, நேராக முடிவுக்கு வந்தார். “இஞ்சாருங்கோ, இந்த அன்ரெனா விறகு கொண்டு வாற மனுசியைத்தான் பாக்குது. அதின்ர உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ?” முத்துலிங்கம் அந்த இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டார். இருக்கலாம், சின்னதில் ஏதோ விபத்து என்று கேள்வி, என்றார். பொய்யென்றால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும், ஆனால் வாய் அடைக்காது. யோகராணிக்குச் சந்தோசம். அப்படியென்றால் மனுசியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக் கதைத்தால் படம் தெளிவாக வரும்தானே? டிசம்பர் ஏழாம் திகதி ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அங்கே சனி இரவு, அண்ணா அம்மாவை இருத்திவைப்பார். இதற்கு மேல் பிந்த ஏலாது, அம்மாவுக்கு இப்போதே நிழலாட்டம்தான் தெரிகிறதாம். “நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கோ” என்றார்.

பதினான்கு வருடத்துக்குப் பிறகு முத்துலிங்கம் லயத்துக்கு இறங்கினார். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி வழிவிட்டார்கள். வேலாயி மட்டும் விலகவில்லை. அவள் ஒன்றும் சொல்லவுமில்லை, அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கீழே துப்பினாள். ஏழாம் காம்பராவில் காளியாயி ஒரு பலகைக் கட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். “உக்காருங்க சார்.” அவர் எந்த மூலையில் படுத்து வளர்ந்தாரோ அந்த மூலைக்கு எதிரே உட்கார்ந்தார். வெறும் தேத்தண்ணி வந்தது, கூடவே ஒரு துண்டுக் கருப்பட்டி. அவருக்குச் சீனி பிடிக்காது என்று இன்னும் அவளுக்கு நினைவிருந்தது. வந்த விசயத்தைச் சொன்னார். காளியாயி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். “வந்திர்றேங்க சார். ஒண்ணு கேக்கணுங்க. நல்ல சீலை கட்டிக்கிட்டு வரவா, இல்ல வேலைக்கு வர்ற மாதிரியே வரணுங்களா?” முத்துலிங்கம் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “வேலைக்கு வாற மாதிரியே.” மேட்டில் ஏறும்போது அவருக்கு இரண்டு தடவை வாந்தி வந்தது. கருப்பட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று யோகராணியிடம் சொன்னார்.

ஞாயிறு காலை நல்ல மூட்டம். காளியாயி சொன்னபடி படங்கு கட்டிக்கொண்டு வந்து குசினி வாசலில் நின்றாள். மூன்று கோடு. “உள்ள வாங்கோ” என்றார் யோகராணி. நாலு கோடு. தன் கதிரைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். ஐந்து கோடும் நிறைந்து, கூரையில் அன்டெனா தகரத்தை முட்டுகிற சத்தம் கேட்டது. படம் வந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு வயதான பெண், திரைக்கு மிகக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு, “பிள்ளை, பிள்ளை” என்று தடவினார். தாயும் மகளும் அழுத அழுகையை இங்கே எழுதத் தேவையில்லை. “மெலிஞ்சு போனாய். கன்னம் ஒட்டிப்போச்சு. ஆனா நெத்தி அப்பிடியே இருக்கு” என்று அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டார். முத்துலிங்கம் கணினிக்குப் பின்பக்கம், படத்தில் விழாமல், யன்னலோரம் நின்றார். கடைசி முறையாகப் பார்க்கிற கண் அல்லவா, அது எல்லாவற்றையும் பார்த்தது. “பின்னால நிக்கிறது ஆர் பிள்ளை? கல்யாணப் படத்தில பாத்த மாப்பிள்ளையின்ர முகவெட்டாய் எல்லோ கிடக்கு.”

காளியாயிதான் முதலில் பேசினாள். அவளுக்கு வாய்ப்பாடமான வசனம், தடுமாறவில்லை. “நான் வேலைக்கு வர்ற ஆளுங்கம்மா.” யோகராணி கதிரையில் இருந்தபடியே திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தார் என்று சொன்னாலும் பிழையில்லை. பிறகு யன்னலோரம் நின்ற புருசனின் முகத்தைப் பார்த்தார். மறுபடி அவளை. இன்னொரு பொய் முத்துலிங்கத்தின் வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது. தூரத்துச் சொந்தம் என்று சொல்லியிருக்கலாம், மாமியாரும் நம்பியிருப்பார். ஆனால் தலைக்கு மேலே தகரத்தை அந்த அன்டெனா டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. “எங்கம்மா” என்றார். அது யாழ்ப்பாணத் தமிழில் வரவில்லை. சின்னப் பிள்ளை பீலிக்கரையில் வழுக்கி விழுந்து கூப்பிடுகிற மாதிரி வந்தது. “எங்கம்மாதான் அது. சாகல. நாந்தான் சாகடிச்சேன்.”

இடி இடித்தது, கூரை பிளந்தது என்றெல்லாம் பின்னால் கதை கட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து கோடும் அப்படியே இருந்தன. கனடாவிலிருந்து குரல் மட்டும் வந்தது: “அப்பிடியெண்டால் ஏன் பிள்ளை அவ நிக்கிறா? இருக்கச் சொல்லு.” யோகராணி எழும்பித் தன் கதிரையை விட்டார். காளியாயி உட்காரவில்லை. வேணாங்க டீச்சர், வேணாங்க டீச்சர் என்று சொல்லிக்கொண்டே குசினி வழியாக இறங்கி, மூட்டத்துக்குள் போய்விட்டாள். கோடு நாலாகி, மூன்றாகி, தாயின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோயிற்று. அந்த மனுசி கண்ணால் கடைசியாகக் கண்ட முகங்கள் இரண்டு. ஒன்று மகள், மற்றது சம்பந்தி. பத்து நாளில் பார்வை போய்விட்டது.

யோகராணி கத்தவில்லை. அன்று மத்தியானம் சோறு போட்டு வைத்துவிட்டு ஒரே ஒரு தரம் கேட்டார்: “செத்த ஆளெண்டு நான் விளக்கு வைச்சன். அந்த மனுசி தேங்காய் திருவித் தந்தது. நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தியள். எப்பிடி உங்களுக்குச் சோறு இறங்கினது?” அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் புருசனோடு பேசவில்லை. அடுத்த சித்திரா பௌர்ணமிக்கு யோகராணி ஏழு கறியும் பாயாசமும் வடையும் தனி ஆளாகச் சமைத்து, பெட்டியில் தூக்கிக்கொண்டு லயத்துக்கு இறங்கினார். ஏழாம் காம்பராவில், தரையில், மாமிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, இலை போட்டுப் பரிமாறிவிட்டு, உண்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். காளியாயி சாப்பிட்டுவிட்டு விரலை நக்கினாள். “இந்தத் தடவ உப்பு கொஞ்சம் கம்மிங்க டீச்சர்” என்றாள். பதினான்கு வருடத்தில் அவள் சொன்ன முதல் குறை அது. யோகராணி அங்கேயே இருந்து அழுதார். அன்று மாலை, வீட்டுக்கு வந்து, புருசனோடு பேசத் தொடங்கினார்.

முத்துலிங்கத்துக்குத்தான் கணக்கு நேராகவில்லை. மேட்டுக்கு வந்து கூட இரும்மா என்று கெஞ்சினார், அவள் வரமாட்டேன் என்றாள். சரி, பேரையாவது சொல்லிக் கூப்பிடும்மா, சின்னதில் முத்து என்று கூப்பிடுவாயே, என்றார். அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். “எனக்கும் ஆசதாங்க சார். ஆனா சூடம் அணைச்சிருக்கேனே. சாமிகிட்ட எப்படி மாத்திப் பேசுறது?” அவர் முனியாண்டி கோயில் பூசாரியிடம் ஓடினார். சத்தியத்தை எடுக்கலாம் என்றார் பூசாரி. அணைத்தவர்கள் எல்லாரும் அதே இடத்தில் ஒன்றாக நின்று திரும்பக் கொளுத்தவேண்டும், அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வீட்டாரில் பதினொரு பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஆறு பேர் கொழும்பில் எந்தத் தெருவென்றே தெரியாது. இரண்டு பெண்கள் குவைத்தில். தோட்டத்துச் சனம் இன்றைக்கும் அவளை மாஸ்டரின் தாய் என்று சொல்வதில்லை, அன்டெனா பாக்குற ஆள் என்றுதான் சொல்கிறது. சிவசாமி ஒரு முறை வந்து குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுகிட்ட யாரும் சூடம் வாங்கலையே சார்” என்று மட்டும் சொன்னான்.

2010இல் பக்கத்து மலையிலேயே புது டவர் வந்துவிட்டது. இப்போது விடுதிக்குள் எந்த மூலையிலும் ஐந்து கோடு, அன்டெனாவுக்கு வேலையில்லை. முத்துலிங்கம் கேபிளைக் கழற்றி வைத்தார், அன்டெனாவைக் கழற்றவில்லை. கேபிள் இல்லாமலும் அது திரும்புகிறது. கிறீச்சிடாமல் இருக்க வருடத்துக்கு இரண்டு முறை ஏறி எண்ணெய் விடுகிறார். காலையில், பாடசாலை மணி அடிப்பதற்கு முன்பு, ஒரு போத்தலில் கருப்பட்டித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பார். அது காட்டுகிற பக்கமாக, காற்சட்டையில் சேறு தெறிக்கத் தெறிக்க, நிரைக்குள் இறங்குவார். மூட்டம் என்றால் முன்னால் நிற்கிற தேயிலைகூடத் தெரியாது. “அம்மா” என்று கூப்பிடுவார். சுற்றி நிற்கிற பெண்கள் கை ஓயாமல் கொழுந்தெடுப்பார்கள், ஒருத்தியும் சிரிக்கமாட்டாள். கொஞ்சம் தள்ளி, வெள்ளைக்குள்ளிருந்து குரல் வரும். “இந்தா இங்கதான் இருக்கேனுங்க சார்.” அவர் அந்தச் சத்தம் வந்த பக்கமாக நடப்பார்.